இங்கிலாந்தில் நழுவிய வீடு, எடின்பரோவில் வாங்கிய வீடு

இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரில் ஒரு வீட்டுக்கு, இன்ன விலைக்கு வாங்குகிறோம் என்று ஆஃபர் கொடுத்து, அவர்களும் சரி என்று சொல்லி, நாங்கள் ஜன்னல் திரைக்கு அளவெல்லாம் எடுத்துவிட்டு வந்த பிறகு, பதினோராவது வாரத்தில் வீடு கைநழுவியது. வேறு யாரோ கூடுதலாகக் கொடுக்க முன்வந்தாராம். வீட்டின் நிலையைப் பரிசோதிக்கும் சர்வேக்குக் கட்டியது, சொலிசிட்டருக்கு, அதாவது வக்கீலுக்குக் கட்டியது எல்லாம் போச்சு. மதுரையில் இருக்கும் மாமாவிடம் போனில் புலம்பினால், அவர் கேட்ட முதல் கேள்வி, "அட்வான்ஸ் கொடுக்கலையா மாப்ள?"

கொடுக்கவில்லை. கொடுக்கிற வழக்கமே அங்கே இல்லை. அடுத்த வருடம் வேலை மாறி எடின்பரோ வந்து, இங்கே ஒரு ஃபிளாட் வாங்கினோம். ஒரே நாடு, ஒரே பவுண்டு, ஆனால் வீடு வாங்கும் சட்டம் தலைகீழ். என்னைக் கேட்டால் ஸ்காட்லாந்து முறைதான் மேல். சூடுபட்டவன் சொல்கிறேன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்கும்போது கட்டும் வரியை விட்டுவிடலாம், இரண்டு இடத்திலும் உண்டு. ஸ்காட்லாந்தில் 2015 முதல் அதற்குத் தனிப் பெயர், தனி விகிதம், அவ்வளவுதான்.

விஷயம் எல்லாம், பேச்சு எந்த நாளில் கட்டுப்பாடாகிறது என்பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆஃபரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு, கடிதத்திலேயே 'ஒப்பந்தத்துக்கு உட்பட்டது' என்று எழுதிவிடுவார்கள். இரண்டு தரப்பு சொலிசிட்டர்களும் கையெழுத்தான ஒப்பந்தப் பிரதிகளைக் கைமாற்றிக்கொள்ளும் 'எக்ஸ்சேஞ்ச்' நாள் வரை யார் வேண்டுமானாலும் விலகலாம். பத்து சதவீத டெபாசிட் கட்டுவதும் அன்றைக்குத்தான். நடுவில் விற்பவர் அதிக விலைக்குத் தாவினால் அதற்குப் பெயர் கஸம்பிங், கடைசி நேரத்தில் வாங்குபவர் விலையைக் குறைத்தால் கஸண்டரிங். இரண்டுமே சட்டப்படி குற்றமில்லை. இதில் செயின் வேறு: எனக்கு விற்பவர் இன்னொரு வீடு வாங்கியாக வேண்டும், அந்த வீட்டுக்காரர் வேறொன்று, எங்காவது ஒரு கண்ணி அறுந்தால் எல்லோருக்கும் தலையில் துண்டு.

ஸ்காட்லாந்தில் ஆஃபரே சொலிசிட்டர் வழியாக எழுத்தில் போகிறது. இரண்டு சொலிசிட்டர்களும் மாறி மாறி எழுதும் கடிதங்களுக்கு 'மிசிவ்ஸ்' என்று பெயர். அவை முடிவானதும் ஒப்பந்தம் உறுதி, அதன் பிறகு விலகினால் நஷ்ட ஈடு. மிசிவ்ஸ் முடியவும் சில வாரம் ஆகத்தான் செய்கிறது, எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது, அந்த இடைவெளியில் சட்டப்படி பார்த்தால் இங்கேயும் கதவு திறந்துதான் கிடக்கிறது. ஆனால் விற்பவர் திடீரென்று வேறு ஆளின் உயர்ந்த விலைக்குத் தாவினால், அவருடைய சொலிசிட்டர் அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே அந்தத் தொழிலின் நெறி. புது சொலிசிட்டரைத் தேடி அலைய யாருக்குப் பொறுமை? தாவல் தானாகவே அரிதாகிவிடுகிறது.

இன்னொரு சௌகரியம் ஹோம் ரிப்போர்ட். 2008 டிசம்பர் முதல், வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும்போதே சர்வே, மதிப்பு, எரிசக்தி நிலவரம் எல்லாவற்றையும் விற்பவர் தன் செலவில் தயாராக வைக்க வேண்டும். இங்கிலாந்தும் 2007-இல் இதுபோல ஒரு கட்டு ஆவணத்தைக் கொண்டுவந்து 2010-இல் கைகழுவிவிட்டது.

சரி, ஸ்காட்லாந்தில் குறையே இல்லையா என்றால், உண்டு. நிறைய வீடுகளுக்கு 'இந்த விலைக்கு மேல்' என்றுதான் விளம்பரம். நாலு பேர் ஆர்வம் காட்டினால் ஒரு நாள் குறித்து, மதியம் பன்னிரண்டு மணிக்குள் மூடிய கவரில் ஒரே ஒரு விலை. பக்கத்து ஆள் எவ்வளவு எழுதினான் என்று தெரியாது. கோயில் ஏலத்திலாவது எதிராளி கேட்பது காதில் விழும்! ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் மதிப்பை வைத்துத்தான் வங்கி கடன் தரும், அதற்கு மேல் எழுதிய ஒவ்வொரு பவுண்டும் நம் கையிருப்பிலிருந்து போக வேண்டும். முதல் இரண்டு வீடுகளை அப்படித்தான் விட்டோம். ஆனால் தோற்றது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது, பதினோரு வாரம் கழித்து அல்ல. ஹோம் ரிப்போர்ட் இருந்ததால் தோற்ற வீடுகளுக்கு சர்வே செலவும் கிடையாது.

விற்கும்போது எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், இன்னும் விற்றுப் பார்த்ததில்லை. ஹோம் ரிப்போர்ட்டுக்கு நாம் காசு கட்டும் நாளில் இந்தப் பாட்டு கொஞ்சம் மாறலாம்.

மாமாவுக்கு ஒரே சந்தேகம்தான் பாக்கி. மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா எல்லாம் பார்த்தாயா என்றார். நம் ஊரில் பத்திரத்தைத்தான் பதிகிறார்கள், உரிமைக்கு அரசு உத்தரவாதம் கிடையாது, அதனால் அவர் கேட்டது நியாயம். இங்கே உரிமையையே பதிகிறார்கள், பதிவேட்டில் தவறு இருந்து நஷ்டமானால் பதிவகம் ஈடு கொடுக்கும், இங்கிலாந்திலும் அப்படித்தான் என்று சொல்லி, எங்கள் பெயர் ஏறிய பதிவின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

"இவ்வளவுதானா? மீதித் தாளெல்லாம் எங்கடா?"