சீலிங் சட்டம் அடிக்க எது: தோட்டாக் கன்னா, காஸ் கன்னா, டிரில்லா?

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலோ காத்தான்குடியிலோ, ஒரு கடைக்கு சீலிங் அடிக்கப் பேசினால் பாஸ்மார் (கட்டட வேலைக்காரர்கள்) இரண்டு விலை சொல்வார்கள். ஆணி அடிக்கும் கன்னால் அடித்தால் ஒன்று, டிரில்லால் ஓட்டை போட்டு, அதற்குள் பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் இன்னொன்று. இரண்டாவதில் கூலி கூடும். வீட்டுக்காரர் காதில் விழுவது அந்தக் கூலி மட்டுந்தான். ஆணி எதற்குள் இறங்கப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கருவியைப் பற்றிப் பேசவே கூடாது.

முதலில் தோட்டாக் கன், அதாவது வெடிமருந்துத் தோட்டாவின் பலத்தால் ஆணி அடிக்கும் கருவி. இதில் இரண்டு சாதி உண்டு. பழைய சாதியில் மருந்து வெடித்துக் கிளம்பும் அழுத்தம் நேரே ஆணியின் முதுகில் விழும். ஆணி குண்டு மாதிரியே பறக்கும். புதிய சாதியில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன்தான் ஆணியைத் தள்ளும். ஆணியின் வேகம் நொடிக்கு 100 மீற்றருக்குள் நிற்கும். பிஸ்டன் நின்றதும் ஆணிக்கும் உந்து சக்தி பெரும்பாலும் போய்விடும். பழைய சாதிக் கன்னை யாராவது பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். சும்மா தந்தாலும் வேண்டாம்.

ஸ்லாப்பில், அதாவது மேல் கொங்கிரீட் தட்டில், அடிக்கும் வேலைக்கு பிஸ்டன் கன்னை மிஞ்ச ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். நல்ல கொங்கிரீட்டில் 20 முதல் 25 மில்லிமீற்றர் இறங்கினால் பிடித்துவிடும். கொங்கிரீட்டின் தடிப்பு அதைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும்: 25 இறங்கினால் 75. நம் வீடுகளின் நாலு, ஐந்து அங்குல ஸ்லாப் அதற்குப் போதும். ஓரத்திலிருந்து 75 மில்லிமீற்றர் தள்ளி அடிக்க வேண்டும். கிட்ட அடித்தால் ஓரம் பெயர்ந்து முகத்துக்கு வரும்.

சிக்கல் சுவரில்தான். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரம் எழும்பிய சுவர்களில் ஏராளம் சீமெந்துக் கல். அதிலும் உள்ளே பொந்து வைத்த கல் நிறைய. மேலே பூச்சு பூசினால் கொங்கிரீட்டா, கல்லா, செங்கல்லா என்று கண்ணுக்குத் தெரியாது. பொந்துக் கல்லில் கன் வைத்தால் ஆணி கல்லைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகலாம்.

ஏறாவூரில் ஒரு கடையில் பார்த்தேன். பெடியன் சுவரில் கன்னை அழுத்தப் போக, வயசான பாஸ் கையைப் பிடித்தார். "மனே, அங்கால ஆரும் நிக்காங்களா எண்டு பாத்தியா?" பெடியன் முழித்தான். அவர் ஒரு ஆணியை விரலால் பிடித்து சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பூச்சைத் தாண்டி வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. "டிரில்ல எடு." அவ்வளவுதான்.

அந்த ஒரு தட்டுத்தான் முழுச் சோதனையும். ஆணி முனை மழுங்கினால் அடிக்கப்போகும் பொருள் மிஞ்சிய கடினம். வெடிப்பு ஓடினால் அது நொறுங்கும் சாதி. சுலபமாக இறங்கினால் மெது. மூன்றில் எது நடந்தாலும் கன்னைப் பெட்டிக்குள் வையுங்கள். வார்ப்பிரும்பு, பளபளப்பு ஓடு, கருங்கல் ஆகியவற்றில் சோதித்தும் பார்க்க வேண்டாம். ஆணி திரும்பி வரும்.

தோட்டாவின் பலத்தை நிறம் சொல்லும். வழக்கமான வரிசையில் சாம்பல், கபிலம் (பிரவுண்), பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா என்று பலம் ஏறிக்கொண்டே போகும். கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறுவதால் பெட்டியில் இருப்பதை வாசிக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே சிவப்பைப் போடுகிறவர்தான் இங்கே அதிகம். குறைந்ததில் தொடங்கி, ஆணி முழுக்க இறங்காவிட்டால் ஒரு படி ஏறுவதே முறை.

வெடிக்காத தோட்டாதான் ஆளைச் சாப்பிடுவது. 'டிக்' என்று சத்தம் வந்து ஆணி போகாவிட்டால் உடனே கன்னைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். கூடாது. அழுத்தியபடியே 30 நொடி. திரும்ப ஒருமுறை விசையை இழுக்கலாம். அப்போதும் இல்லையென்றால் இன்னொரு 30 நொடி பிடித்துவிட்டு, தோட்டாவைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். தலைக்கு மேல் கை தூக்கி நிற்கும்போது 30 நொடி நீளமானது, வாயால் எண்ணுங்கள். கண்ணாடி, காதுக்கு மூடி, ஹெல்மெட் ஆகியவை இல்லாதவர் கையில் கன்னைக் கொடுக்கவே வேண்டாம். அக்கம்பக்கத்துக்கும் முதலே சொல்லிவிட்டு அடியுங்கள். இந்த ஊரில் திடீர் வெடிச் சத்தம் கேட்டால் போர்க்காலம் பார்த்த பெரியவர்கள் இன்றைக்கும் எழும்பி நின்றுவிடுவார்கள்.

மருந்தும் ஆணியும் ஒன்றாய் ஒட்டி வரும் சின்னக் குழாய்க் கன்கள் இப்போது மலிவாக வருகின்றன. நீளத் தடி பூட்டி, ஏணி இல்லாமலே கீழிருந்து சீலிங் அடிக்கலாம். ஏணியில் இருந்து விழுவது குறையும், அது நியாயம். ஆனால் 'விளையாட்டுச் சாமான்' என்ற நினைப்பில் பயிற்சி இல்லாதவர் கைக்கும் போகிறது. சுவர்ச் சோதனை இதற்கும் அதேதான்.

காஸ் கன்னில் வெடிமருந்து இல்லை. சின்ன காஸ் டப்பாவும் பற்றரியும். சத்தம் குறைவு, ஆணிப் பட்டி போட்டால் கை ஓயாமல் ஓடும். ஆனால் தோட்டாவின் பலம் இதற்கு இல்லை. பழசாகி இறுகிய கொங்கிரீட்டில் ஆணி வளைந்து நிற்கும். டப்பாவுக்குக் காலாவதித் திகதி உண்டு. 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகவும் கூடாது. சித்திரை வெயிலில் பூட்டிய வான் வண்டிக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தின்னர், பெயின்ட் வாடை அடிக்கும் அறையில் இதையும் தோட்டாக் கன்னையும் தொடவே கூடாது.

டிரில் மெதுவானது. தூசு கொட்டும், கொங்கிரீட் தூசில் சிலிக்கா இருப்பதால் முகமூடி வேண்டும். கரண்ட் போனால் வேலை நிற்கும். ஆனால் பிழை நடந்தால் பெரும்பாலும் ஒரு கோணல் ஓட்டையோடு முடியும், அடுத்த அறையில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. பொந்துக் கல்லென்றால் உள்ளே போய் விரியும் பிளக் வாங்கிக்கொள்ளலாம். வீட்டுச் சுவர் என்றால் நான் வேறு எதையும் யோசிப்பதில்லை.

கல்லடி, மருதமுனை மாதிரிக் கடற்காற்று படும் இடத்தில் வெளி வராந்தா சீலிங் என்றால் இன்னொரு விசயம். நாகம் (சிங்க்) பூசிய சாதாரண கன் ஆணி உலர்ந்த உள்ளறைக்கு மட்டுந்தான். உப்புக் காற்றில் துரு பிடிப்பதோடு, கடினப்படுத்திய உருக்கு என்பதால் சொல்லாமல் கொள்ளாமல் முறியவும் கூடும். ஸ்டெயின்லெஸ் ஆணி கைக்கு வராவிட்டால் வராந்தாவுக்குக் கன்னைக் கொண்டுபோக வேண்டாம். டிரில் போட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ முடுக்குங்கள்.