ரசத்தில் பொடி கலக்கச் சொன்ன ‘குடி மீட்புக் குழு’

பெங்களூரில் குடியை விட உதவும் குழு தேடுகிறவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

நாங்கள் ஸ்ரீராம்புரம். வீட்டுக்காரர் பெயின்ட் காண்ட்ராக்ட் எடுக்கிறார். பத்து வருஷக் குடி. கடைசி இரண்டு வருஷம் காலையிலேயே ஆரம்பம். ஒருநாள் அவராகவே, “எங்கேயோ மீட்டிங் நடக்குமாமே, விசாரிச்சுப் பாரு” என்றார். அந்த வார்த்தைக்கு எத்தனை நாள் காத்திருந்தேன் என்பது குடிக்கிற வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அவர் மனசு மாறுவதற்குள் என்று அவசர அவசரமாகப் போனில் தேடி, முதலில் வந்த நம்பருக்கே அடித்தேன்.

எடுத்தவர் கன்னடத்தில் ஆரம்பித்து, என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். “எந்த ஊரு அக்கா?” திருப்பத்தூர் என்றேன். “அட, நமக்கு வாணியம்பாடி!” அதோடு நான் விழுந்துவிட்டேன். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் குழு) மீட்டிங் மாதிரியேதான், ஆனால் இது கேரண்டி என்றார். உறுப்பினர் கட்டணம் 6,500 ரூபாய். போனில் அனுப்பும்போது திரையில் குழுவின் பெயர் இல்லை, ஏதோ ஒரு டிரேடர்ஸ் என்று வந்தது. பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன்.

செல்போன் கடைக்கு மேலே ஒரு அறை, பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி. முதல் வாரம் ஒருவர் கண்ணீர் விட்டுக்கொண்டே, குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது என்றார். அடுத்த வாரம் புதிதாக வந்தவர்கள் முன்னால் அதே ஆள், அதே அழுகை, ஐந்து வருஷம் என்றார். “ஒரே வாரத்துல ரெண்டு வருஷம் தாண்டிட்டான் பாரு” என்று வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். அவருக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு முப்பது பொட்டலம் கொடுத்தார்கள். மூலிகைப் பொடியாம். “ரசத்துல கலந்துடுங்க. அவருக்குத் தெரியவே கூடாது, தெரிஞ்சா பலிக்காது.” அதற்குத் தனியாக 2,800.

நான்காம் நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வெளியே போனவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். முகம் செங்கல் நிறம். நெஞ்சு படபடவென்று அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. வாந்தி நிற்கவில்லை. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிபி 80க்குக் கீழே. “என்னம்மா குடுத்தீங்க?” என்று டாக்டர் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன். இரண்டாம் முறை கேட்டபோதுதான் சொன்னேன்.

டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கலாம் என்றார் அவர். அது நிஜமான மருந்துதான். அது உடம்பில் இருக்கும்போது சாராயம் உள்ளே போனால் இப்படித்தான் புரட்டிப் போடும். அந்தப் பயத்திலேயே குடிக்காமல் இருக்கட்டும் என்றுதான் கொடுப்பார்கள். அதனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, ஈரலைப் பரிசோதித்த பிறகே தர வேண்டும். தெரியாமல் கொடுத்தால் உயிரே போகலாம். நான் ரசத்தில் கலந்து, அப்பளமும் பொரித்துப் பரிமாறியிருக்கிறேன்.

அங்கிருந்து பெங்களூர் மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸில் குடி, போதைக்கென்றே இருக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது, வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கலாம், அதனால் முதலில் டாக்டர், அப்புறம்தான் மீட்டிங் என்று அங்கே சொன்னார்கள். அந்த ‘கேரண்டி’க்காரர்கள் இதில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பார் என்றுகூடக் கேட்கவில்லை.

அங்கிருந்த சமூகப் பணியாளர்தான் நிஜமான ஏஏவுக்கு வழி காட்டினார். ஒரு சர்ச் வளாகத்தில் சின்ன அறை, தமிழிலேயே பேசுகிறார்கள். கட்டணம், ஃபாரம், ஆதார் எதுவும் இல்லை. ஊர்ப்பெயர், அப்பா பெயர்கூட யாரும் கேட்கவில்லை. குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும், அதுதான் தகுதி. முடிவில் ஒரு பை சுற்றி வரும். உறுப்பினர்கள் இஷ்டப்பட்டால் பத்தோ இருபதோ போடுவார்கள், அறை வாடகைக்கும் டீக்கும். நான் ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். வெளியாள் பணம் வாங்குவதில்லை என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்! 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஆரம்பித்தது, இந்தியாவில் 1957 முதல் இருக்கிறது, இன்றும் மருந்து விற்பதில்லை, கேரண்டி கொடுப்பதில்லை. வீட்டாருக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு. நான் அதற்குப் போகிறேன்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14446க்கு அடிக்கலாம், அரசாங்கத்தின் போதை மீட்பு உதவி எண், காசு கிடையாது. மன உளைச்சலுக்கு 14416.

செலவழித்த நாலு போக மிச்சம் 26 பொட்டலத்தையும், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறேன். போன வாரம் அந்த வாணியம்பாடிக்காரர் மறுபடி கூப்பிட்டார். “அக்கா, பொடி தீர்ந்திருக்குமே, அடுத்த மாசத்துக்கு அனுப்பட்டுமா?”