சீட்டு கேட்கும் மெடிக்கலுக்கு நாலு ஸ்டார்

தர்மபுரி குமாரசாமிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு கடை தள்ளி இருக்கும் மெடிக்கல் இது. ஒற்றை ஸ்டார் போட்டவர்கள் எல்லாரும் ஒரே குறையைத்தான் எழுதியிருக்கிறார்கள்: டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தருவதில்லை, பேச்சும் கடுகடு. இரண்டும் உண்மை. போன ஆடியில் தொண்டை வலிக்குச் செஃபிக்ஸிம் மூன்று மாத்திரை கேட்டேன். கவுண்டர் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சீட்டு எடுத்துட்டு வாங்கண்ணா" என்றார்.

மூன்று வருடம் முன்னால் என்றால் நானும் ஒற்றை ஸ்டார்தான் போட்டிருப்பேன்.

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, பெங்களூரில் ஸ்டெம் செல் மாற்று செய்தார்கள். டோனர் நான்தான். சில நாள் ஊசி, அப்புறம் மெஷினில் நாலு மணி நேரம் படுத்திருந்தேன், அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் அவனுக்கு. கீமோவில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்டப் பூஜ்யம். என் செல்கள் அவன் உடம்பில் பிடித்து அணுக்கள் ஏற இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒன்பதாம் நாள் 101 டிகிரி காய்ச்சல். கழுத்தில் போட்டிருந்த குழாயில் ஒரு தடவை, கையில் ஒரு தடவை ரத்தம் எடுத்து, என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்தும் ஏறியது.

ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்று கிருமியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே வரிசையாக மருந்துப் பெயர்கள், பக்கத்தில் எது கேட்கும், எது கேட்காது என்று எழுத்து. மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர், அதாவது கேட்காது. மெரோபெனத்துக்கும் ஆர். அது எவ்வளவு பெரிய மருந்து என்பதை டாக்டர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். செஃப்டாசிடிம்-அவிபாக்டம், கூடவே அஸ்ட்ரியோனாம் என்று மாற்றினார்கள். ஒரு நாள் மருந்துக்கு என் அரை மாதச் சம்பளம். பிழைத்தான்.

"எங்கிருந்து சார் வந்துச்சு?" என்று கேட்டேன். பெரும்பாலும் அவன் குடலிலேயே இருந்ததுதான், கீமோவில் குடல் புண்ணாகி ரத்தத்தில் இறங்கியிருக்கும் என்றார் டாக்டர். சளி பிடித்தாலே மெடிக்கலில் ரெண்டு வேளை மாத்திரை வாங்கிப் போடுவானே, அதனாலா? ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்ல முடியாதாம். தண்ணீரிலும் வரலாம், ஆஸ்பத்திரியிலும் ஒட்டலாம். "ஆனா ஊரே இப்படிச் சாப்பிட்டா கிருமி பழகிடும்ல?" என்றார்.

சரி, கடைக்கு வருவோம். செஃபிக்ஸிம் மாதிரி மருந்துகளை 2014 மார்ச்சிலிருந்து, சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய ஹெச்1 என்ற அரசுப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று எழுதி மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். இங்கே அது நீளமான கணக்கு நோட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது, பேனாவைக் காயத்துக்குக் கட்டும் துணியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எவ்வளவு கூட்டம் நின்றாலும் எழுதி முடித்துத்தான் அடுத்த ஆள். பின்னால் நிற்பவருக்கு எரிச்சல் வரும்தான்.

தம்பி வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம் ராத்திரி 100.6. நான் ஊரில் இல்லை. அம்மா பதறிப்போய்க் கடைக்கு ஓடி, காய்ச்சல் மாத்திரையும் சளிக்கு ஏதாவதும் கேட்டிருக்கிறார். அக்கா எதுவும் தரவில்லை. "பாராசிட்டமால் போட்டா காய்ச்சல் வெளிய தெரியாம மறைஞ்சிடும்மா, முதல்ல ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லி, தன் போனிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறார். 100.4 தாண்டினாலே கூப்பிட வேண்டும் என்று எங்கள் டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதியிருந்தது. பதற்றத்தில் அம்மாவுக்கு அது எங்கே ஞாபகம் வரும்? கார் பிடித்துப் போனார்கள். சாதாரண வைரஸ் சளி, மூன்றாம் நாள் திரும்பிவிட்டார்கள். ஒரு மாத்திரை விற்றிருந்தால் கடைக்கு என்ன, ரெண்டு ரூபாய் லாபமா?

ஒரு ஸ்டார் குறைத்ததற்குக் காரணம் உண்டு. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஷட்டர் இறங்கிவிடும். வண்டி நிறுத்த இடமில்லை, தைப்பூசத் தேர் சமயத்தில் கடைப் பக்கமே போக முடியாது. மாஸ்க் விலையும் கொஞ்சம் அதிகம். மாற்று சிகிச்சைக்குப் பிறகு போடும் டாக்ரோலிமஸ் மாத்திரை வாங்குபவர்கள் தீர்வதற்கு நாலு நாள் முன்பே சொல்லிவிடுங்கள், சேலத்திலிருந்து வர இரண்டு நாள் ஆகிறது. வேறு கம்பெனி மாத்திரை கையில் இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் மாற்றித் தர மாட்டார்.