பழைய மோட்டார்ஹோம்: வண்டிச் சொந்தக்காரரிடமா, டீலரிடமா?

ஒரே ஆண்டு, ஒரே ரகம், ஏறக்குறைய ஒரே மைல் கணக்கு. இரண்டுமே 2017-இல் பதிவான, ஃபியட் டுகாட்டோ வேனின் அடிச்சட்டகத்தின் மேல் கட்டிய மோட்டார்ஹோம்கள், அதாவது படுக்கை, அடுப்போடு உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிகள். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி வீட்டு வாசலில் வைத்து விற்பது 39,500 பவுண்ட். மிட்லாண்ட்ஸ் பக்கம் ஒரு டீலரின் யார்டில் நிற்பது 44,995. வித்தியாசம் 5,495 பவுண்ட். அந்தப் பணத்துக்கு டீலர் நமக்கு என்னதான் தருகிறார்? ஒரு மாதமாக நானும் மனைவியும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஏன் 2017 என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது லண்டனின் ஹாரோவில். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (நிர்வாகப் பகுதிகளும்) யூலெஸ் வளையத்துக்குள், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் போடும் எல்லைக்குள், வந்துவிட்டன. யூரோ 6 என்ற புகைத் தரம் இல்லாத டீசல் வண்டியை வாசலிலிருந்து எடுத்தாலே அன்றைக்கு 12.50 பவுண்ட். வேன் வகை டீசல்களில் பொதுவாக 2016 செப்டம்பருக்குப் பிறகு வந்தவைதான் தேறும். லெஸ்டரில் இருக்கும் என் மைத்துனருக்கு இந்தத் தலைவலி கிடையாது. பத்து வயது கூடுதலான வண்டியைக்கூட அவர் தைரியமாகப் பார்க்கலாம்.

எங்கே வாங்கினாலும் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம் உண்டு. ஒன்று லைசென்ஸ். 1997 ஜனவரி 1-க்குப் பிறகு இங்கே கார் டெஸ்ட் தேறியவர்களின் பி பிரிவு, இந்த மாதிரி டீசல் வண்டிகளில் 3,500 கிலோ வரைதான் செல்லும். கொஞ்சம் பெரிய மோட்டார்ஹோம்கள் பல இதைத் தாண்டிவிடும். 3,500-க்குள் இருந்தாலும், தண்ணீர், சைக்கிள்கள், நான்கு பேர், ஒரு மூட்டை அரிசி எல்லாம் ஏறிய பிறகு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது சீட் பெல்ட். 'நாலு பேர் படுக்கலாம்' என்று விளம்பரத்தில் இருக்கும். பெல்ட் போட்டு உட்கார இரண்டே இருக்கை இருக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்த வண்டி ஆகாது. நாங்கள் ஒரு சனிக்கிழமையை அப்படி வீணடித்தோம்.

சரி, டீலருக்கு வருவோம். 5,495-இல் பெரும்பங்கு சட்டத்துக்கான விலை. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கிய 30 நாளுக்குள் பெரிய குறை தெரிந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது டீலர். சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அதிலும் தீராவிட்டால் மறுபடி நம் கை ஓங்கும். இது நிஜமான பலம், சந்தேகமில்லை. ஆனால் பலர் நம்பும் இன்னொரு பாதுகாப்பு இந்த விலையில் இல்லை. முன்பணத்தை கிரெடிட் கார்டில் கட்டிவிட்டால் வங்கியும் பொறுப்பு என்பார்கள். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு அது. பொருளின் விலை 30,000 பவுண்டைத் தாண்டினால் அது பொருந்தாது. 44,995-க்கு அந்தக் குடை விரியாது.

சொந்தக்காரரிடம் வாங்கும்போது சட்டம் நமக்குத் தருவது கொஞ்சம்தான். வண்டி அவர் சொன்னபடி இருக்க வேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும், அவர் பொய் சொல்லியிருக்கக் கூடாது. அவ்வளவே. நாம் கேட்காததை அவர் சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் நம் பாடு. அதனால் கேட்பதை எழுத்தில் கேட்க வேண்டும். 'எங்காவது தண்ணீர் கசிந்ததுண்டா? விபத்தில் அடிபட்டதா?' என்று செய்தி அனுப்பி, பதிலையும் விளம்பரத்தின் படத்தையும் சேமித்து வைத்துக்கொண்டால், பிறகு நீதிமன்றம் வரை போனாலும் கையில் ஏதோ இருக்கும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழி. டீலர் யார்டில் நிற்கும் வண்டி, ஆனால் அது டீலருடையது அல்ல. யாரோ ஒருவருக்காக கமிஷனுக்கு விற்றுத் தருகிறார். விலை இரண்டுக்கும் நடுவில் இருக்கும், சுற்றிலும் கொடியும் காபி மெஷினும் இருக்கும், நமக்கோ டீலரிடம் வாங்குகிற நினைப்பு வந்துவிடும். ரசீதில் விற்பவர் பெயர் யாருடையது என்று பாருங்கள். அங்கே முகம் தெரியாத ஒருவர் பெயர் இருந்தால், நீங்கள் வாங்குவது அவரிடம்தான். டீலர்மேல் இருக்கும் உரிமைகள் சட்டென்று சுருங்கிவிடும். வண்டியை ஓட்டி வாழ்ந்த ஆளிடம் பேசவும் முடியாது. இரண்டு பக்கத்துக் கெடுதலும் சேர்ந்த இடம் அது. ஏலத்தைப் பற்றி பேச்சே வேண்டாம். பெரும்பாலும் ஓட்டிக்கூடப் பார்க்க முடியாது.

ஆக, சண்டை இரண்டு பேருக்கு நடுவில்தான். அதைத் தீர்மானிப்பது எஞ்சின் இல்லை, ஓதம். எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வண்டிச் சோதனை பிரேக், விளக்கு, டயர், புகை, துரு எல்லாம் பார்க்கும். அதன் பழைய முடிவுகளை வண்டி எண்ணை வைத்து அரசு தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்; மைல் கணக்கு பின்னோக்கி ஓடியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் சுவருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, கேஸ் குழாய் கசிகிறதா என்பதை எம்.ஓ.டி. தொடாது. கூரை மூலை, ஜன்னல் ஓரம், பின்விளக்கின் ரப்பர் இவை வழியே இறங்கும் தண்ணீர் உள்ளே இருக்கும் மரச்சட்டத்தை வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் தின்னும். வெளியே பளபளவென்றுதான் இருக்கும். ஈரமானி 15 சதவீதத்துக்குள் காட்டினால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் விசாரிக்க வேண்டும். 30-க்கு மேல் என்றால் உள்ளே மரம் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த ரிப்பேர் பல ஆயிரம் பவுண்டில் போய் நிற்கும்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல நாமே சிலது பார்க்கலாம். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்து மோப்பம் பிடிப்பது. வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் ஏன் என்று கேட்பது. மூலைகளைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது. ஃபிரிட்ஜ் குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், முந்தின இரவே போட்டுவைக்கச் சொல்வது. எஞ்சினை நாம் வரும்வரை கிளப்ப வேண்டாம் என்று சொல்லி, போனதும் பானெட் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது. டயரில் பொறித்த நான்கு இலக்கம்: 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம் தயாரானது. அதிகம் ஓடாத மோட்டார்ஹோமில் டயர் தேய்வதற்கு முன்னால் கிழடாகிவிடும்.

ஆனால் ஈரமானியை வைத்து முழு வண்டியையும் அளக்க ஆள் வேண்டும். அதற்குத் தனியாக இயங்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்; விற்பவர் வாசலுக்கே வந்து, ஓதம், கேஸ், மின்சாரம் எல்லாம் பார்த்து அறிக்கை தருவார்கள். சில நூறு பவுண்ட். என் கணக்கு இங்கேதான் மாறியது. டீலர் 5,495-க்குத் தரும் நிம்மதியில் பாதிக்கு மேல் இந்தச் சில நூறுக்கு நாமே வாங்கிக்கொள்ளலாம். மீதிப் பாதி இல்லாமல் தூக்கம் வராது என்பவர், முழுச் சேமிப்பையும் போட்டு வாங்குபவர், டீலரிடமே போகட்டும். அதில் தப்பே இல்லை.

நான் இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: 'என் ஆள் வந்து பார்க்கலாமா?' டீலர், எங்களிடமே அறிக்கை இருக்கிறது, வெளியாள் வேண்டாம் என்றார். நார்ஃபோக் பெரியவர், செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார்.

தாள் விஷயத்தில் சொந்தக்காரரிடம் கூடுதல் கவனம் தேவை. வி5சி என்ற லாக்புக், வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். உரிமைப் பத்திரம் அல்ல. கடன் பாக்கி, திருட்டு, விபத்தில் கழித்த வண்டியா என்பதற்குத் தனிச் சோதனை, ஏறக்குறைய 20 பவுண்ட். லாக்புக்கில் உள்ள முகவரியில்தான் வண்டியைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் சந்திக்கலாம் என்பவரை விட்டுவிடுங்கள். பார்க்கும் முன்பே முன்பணம் கேட்பவரையும் அப்படியே. போனில் பேச்சைத் தொடங்கும்போது எந்த வண்டி என்று சொல்லாமல், 'அந்த மோட்டார்ஹோம் பற்றி' என்று மட்டும் சொல்லுங்கள். 'எது?' என்று கேட்டால், சொந்தக்காரர் வேஷம் போட்ட வியாபாரி. ரோடு டாக்ஸ் 2014 அக்டோபரிலிருந்து கைமாறுவதில்லை. கிளம்பும் முன் வாசலிலேயே இன்சூரன்ஸும் டாக்ஸும் போட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை என் ஆள் போனார். பின்பக்க இடது மூலையில், விளக்குக்கு மேல், 22 சதவீதம். மற்ற எல்லா இடமும் 15-க்குள். பெரியவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. 1,500 குறைத்து 38,000-க்குப் பேசி முடித்தோம். சனிக்கிழமை எடுக்கப் போனபோது, எட்டு வருட ரசீதுக் கோப்பைக் கையில் கொடுத்து, குளிர்காலத்தில் எந்தத் திருகைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தார். கிளம்பும்போது அந்த அம்மா, சின்ன அடுப்பில் தோசைக்கல் சரியாக உட்காராது, இதை வைத்துக்கொள் என்று தன் தட்டையான வாணலியை என் மனைவியிடம் கொடுத்தார். தோசை அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க மறந்துவிட்டோம்.