உருண்டைக் காளானும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியும்: வெட்டிப் பார்க்காமல் பெயர் கேட்காதீர்கள்

கார்த்திகை மழை பிடித்துவிட்டால் திருகோணமலைப் பக்கம் மாடு மேயும் புல்வெளியிலும் மரத்தடி மணலிலும் குடையில்லாத உருண்டைக் காளான்களைக் காணலாம். பலர் உடனே போனில் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்டில் போட்டுப் பெயர் கேட்கிறார்கள். 2008 இல் கலிபோர்னியாவில் ஒரு மாணவர் திட்டமாகத் தொடங்கிய சேவை இது. இன்று இலாப நோக்கற்ற நிறுவனமாக இயங்குகிறது. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. இந்தக் காளான்களைப் படித்தறிய இந்தச் செயலிக்கு 5க்கு 4 கொடுக்கலாம். சமைக்கலாமா என்று முடிவெடுக்க 5க்கு 0.

0 கொடுப்பதற்குக் காரணம் காளானிலேயே இருக்கிறது. உருண்டைக் காளானில் இரண்டு கூட்டத்தைப் பிரித்தறிய வேண்டும். லைகோபெர்டன், கல்வேஷியா போன்றவை புகைப்பந்துகள். ஸ்கிளிரோடெர்மா மண்பந்து, அது நஞ்சு. வெளித்தோற்றத்தில் இரண்டும் தேசிக்காய் அளவில், மங்கல் நிறத்தில், சொரசொரப்பாக இருக்கலாம். மேலிருந்து எடுத்த ஒரே படத்தைக் கொடுத்தால் செயலி என்ன, அனுபவசாலியே தடுமாறுவார். எந்தப் படத்தைத் திறந்து கேட்கிறீர்களோ அதை வைத்துத்தான் பரிந்துரை வரும். காளானின் கனமும் மணமும் படத்தில் விழாது.

அதனால் ஒரே பதிவில் நான்கு படம் போடுங்கள். பிடுங்குமுன் நின்ற இடத்தில் ஒன்று, பக்கத்து மரத்தின் இலையும் தெரியவேண்டும். மண்பந்து உயிருள்ள மரவேரோடு கூட்டுச் சேர்ந்து வளர்வது, யூக்கலிப்டஸ் அப்படியொரு மரம். உச்சியைக் கிட்டத்தில் ஒன்று. அடிப்பகுதியை, மண்ணை உதறி, ஒன்று. நான்காவதுதான் உயிர்நாடி: கூரான கத்தியால் உச்சியிலிருந்து அடிவரை நடுவே நெடுக்காகப் பிளந்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்த படம்.

பிளந்த முகத்தை அவசரப்படாமல் பாருங்கள். இளம் புகைப்பந்தின் உள்ளே பாணின் நடுப்பகுதி போல ஒரே வெள்ளை, அழுத்தினால் மெத்தென்று இருக்கும், தோலும் மெல்லியது. முற்ற முற்ற மஞ்சளாகி, பச்சை கலந்த பழுப்பாகி, கடைசியில் தூளாகும். மண்பந்து கையில் எடுக்கும்போதே கெட்டி, கனம். அதன் தோல் தோடம்பழத் தோல் போலத் தடித்திருக்கும், சில இனங்களில் வெட்டிய ஓரம் இளஞ்சிவப்பாக மாறும். உள்ளே ஊதா கலந்த கறுப்பு, அதில் வெள்ளை நரம்புகள் ஓடும். சிலவற்றில் றப்பர் போன்ற நெடியும் வரும். ஆனால் மிக இளம் மண்பந்தும் உள்ளே வெள்ளையாகவே தொடங்கும். கறுப்பு பிறகுதான் ஏறும். "உள்ளே வெள்ளை என்றால் சாப்பிடலாம்" என்ற பேச்சு பிழைப்பது இந்த இடத்தில்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து அமனிட்டா என்ற குடைக்காளானின் முட்டைப் பருவம், அதாவது குடை விரியுமுன் உருண்டையாக இருக்கும் பருவம். அந்தப் பேரினத்தில் உயிரைப் பறிக்கும் இனங்கள் உண்டு. நெடுக்காகப் பிளந்தால் குடை, அதன் அடியிலுள்ள செவுள் மடிப்பு, தண்டு மூன்றின் வரைகோடும் உள்ளே தெரியும். குறுக்காக வெட்டினால் அது தவறிப்போகலாம். வெட்டுமுகத்தில் கூழ்ப்படலம் தெரிந்தால் அது நாற்றக் காளானின் முட்டை.

முற்றிய காளானில் உச்சியே பேசும். லைகோபெர்டனில் தூள் வெளியேற ஒரு சிறு துளை இருக்கும். மண்பந்தின் தோல் ஒழுங்கில்லாமல் வெடிக்கும். தூள் பறப்பதைக் காட்ட அமுக்கி, முகத்தருகே படம் பிடிக்க வேண்டாம். 1994 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் புகைப்பந்துத் தூளை உள்ளிழுத்த 8 இளையோருக்கு நுரையீரல் நோய் கண்டது.

சேவையின் உண்மையான பலம் கணினிப் பரிந்துரையில் இல்லை, பதிவைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் மனிதர்களில் இருக்கிறது. பேரினத்தோடு நிறுத்தி "வெட்டுமுகம் தேவை" என்று ஒருவர் எழுதினால் அதுவே நல்ல பதில். இனப்பெயர் கிடைக்கவில்லையே என்று சலிக்காதீர்கள். "ஆய்வுத் தரம்" என்ற முத்திரையைத்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். குறைந்தது இருவர் கருத்துச் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது விழும். உண்ணத் தகுந்தது என்ற பொருள் அதில் துளியும் இல்லை. அந்த விளக்கத்தைத் திரையில் பெரிதாகவே போடலாம்.

சிக்னல் இல்லாத இடத்தில் பதிவைச் சேமித்துப் பிறகு ஏற்றலாம், அது வசதி. வீட்டு வளவில் எடுத்த படமென்றால் இடத்தை மறைக்கும் தெரிவை மறக்காமல் போடுங்கள்.

மண்பந்தைத் தின்றால் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி, வியர்வை வரும். உயிரைப் பறிக்கும் அமனிட்டா நஞ்சு பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் பதுங்கியிருந்துதான் காட்டும். யாராவது தின்றுவிட்டால் செயலியில் பதிலுக்காகக் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மிச்சக் காளானைப் பொலித்தீன் பையில் போட்டால் புழுங்கி அழுகிவிடும். கடதாசியில் சுற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.