கீவில் வாங்கிய ஓவியம்: அந்திரீவ்ஸ்கி உஸ்விஸ் ஓவியச் சந்தை

உக்ரைன் தலைநகர் கீவில் மருத்துவம் படித்த நாட்களில் நான் வாங்கியவற்றில் இன்றும் என்னிடம் இருப்பது ஒரு சிறிய எண்ணெய் வண்ண ஓவியம் மட்டுமே. 30க்கு 40 சென்டிமீட்டர் பலகை. விலை, அந்நாட்டு நாணயத்தில், 900 ஹிரிவ்னியா. 2021 அக்டோபரில் அந்திரீவ்ஸ்கி உஸ்விஸ் தெருவில் வாங்கினேன்.

உஸ்விஸ் என்றால் இறக்கம். மேல் நகரத்திலிருந்து பொதில் பகுதிக்கு வளைந்து இறங்கும் கல் பாவிய தெரு அது. உச்சியில் ராஸ்திரெல்லி வடிவமைத்த 18ஆம் நூற்றாண்டு தேவாலயம், நீலமும் வெள்ளையுமாக நிற்கும். அதன் கீழே இரு ஓரங்களிலும் படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு விற்பார்கள். அவர்களில் கல்லூரியில் ஓவியம் பயின்றவர்களும் உண்டு, தாமாகவே கற்றுக்கொண்டவர்களும் உண்டு. இப்படித் தாமாகக் கற்றவரை அங்கே 'சமோவுக்' என்பார்கள். என் படத்தை வரைந்தவர் ஒரு சமோவுக்.

முதல் முறை போனபோது ஏமாந்தேன். மேல்பக்கத்துக் கடை ஒன்றில் சூரியகாந்தி வயல் படம் ஒன்றை 400 ஹிரிவ்னியாவுக்கு வாங்கி வந்தேன். விடுதியில் மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது துணியில் அச்சடித்த படம். தூரிகை ஓடியதுபோல் தெரிவதற்காக மேலே நிறமில்லாத பசையைப் பூசியிருந்தார்கள். பூவிதழ் ஒரு பக்கம் வளைய, பசையின் மேடு வேறு பக்கம் போயிற்று. வாங்க நினைப்பவர்கள் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். நிறம் மாறும் இடத்தில் மேடும் மாற வேண்டும். பின்பக்கத்தையும் பாருங்கள். விற்பவரின் விரல்களையும்தான்.

இரண்டாம் முறை கீழே, கூட்டம் குறைந்த இடத்துக்குப் போனேன். மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் ஊதாச் சாயம். தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தவராம். ஓய்வு பெற்ற பிறகு தூரிகையைத் தொட்டாராம். எனக்குத் தெரிந்த அரைகுறை உக்ரைனிய மொழியில் பேசினேன். அவர் பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னார். படச்சட்டத்தில், தாமாகவே கற்ற உக்ரைனிய ஓவியர் கத்தெரினா பிலோகூரின் பூக்கள் படத்தை அஞ்சலட்டையாகச் செருகி வைத்திருந்தார். "பள்ளிக்கூடமே போகாதவள், தூரிகையையும் தானே செய்துகொண்டாள்" என்றார். பிலோகூர் 1961இல் இறந்துவிட்டார். ஆனால் பெரியவர் அடுத்த தெருவில் இருப்பவரைப் பற்றிப் பேசுவதுபோல் அவரைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சைக் கேட்டபின் லாவ்ரா என்னும் பழைய மடாலய வளாகத்தில் இருக்கும் நாட்டுப்புற அலங்காரக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய், பிலோகூரின் அசல் படங்களையும் இன்னொரு நாட்டுப்புற ஓவியரான மரியா பிரிமாசென்கோவின் விசித்திர விலங்குகளையும் பார்த்தேன். உஸ்விஸில் படம் வாங்கும் முன்பே அங்கே போயிருக்க வேண்டும். கண் பழகியிருக்கும், அந்த 400 ஹிரிவ்னியாவும் மிஞ்சியிருக்கும்.

படத்துக்கு வருகிறேன். மழை விட்ட சாயங்காலம், அதே தெரு, மேலே தேவாலயம். பாவு கற்களைத்தான் நான் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கல்லும் வண்ணக் கத்தியின் ஒரே இழுப்பு. சாம்பல், ஊதா, நடுவில் விளக்கொளி விழுந்த கல்லில் மட்டும் நகநுனி அளவு மஞ்சள். அந்த மஞ்சள் பலகையிலிருந்து நன்றாக எழும்பி நிற்கிறது. விரலால் தடவினால் தட்டுப்படும். ஈரத் தெருவில் நடந்த எவருக்கும் அந்த வழுக்கல் பாதத்தில் நினைவுக்கு வரும்.

குறைகளும் உண்டு. தேவாலயத்தின் கும்மட்டம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வலப்பக்க வீட்டின் ஜன்னல்கள் தெருவின் சரிவோடு சேர்ந்து சரிந்துவிட்டன. குடை பிடித்து வரும் பெண்ணுக்குப் பாதங்கள் இல்லை. பயின்ற கை இந்தத் தவறுகளைச் செய்திருக்காது. ஆனால் கற்களை இவ்வளவு நேரம் பொறுத்து அடுக்கியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். பலகையும் மலிவானது. அழுத்திய மரநார்ப் பலகை, அங்கே 'ஆர்கலித்' என்பார்கள். ஓரங்கள் சீக்கிரம் நைந்துவிடும். விலையை ஆயிரத்திலிருந்து 900 வரை குறைத்தார், அதற்குமேல் இறங்கவில்லை. இன்று யோசித்தால் அந்த நூறையும் கொடுத்திருக்கலாம்.

வாங்கியபோது சாயம் முழுக்கக் காய்ந்திருக்கவில்லை. நான்கு மூலைகளிலும் தீப்பெட்டிக் குச்சித் துண்டுகளை வைத்து, அதன்மேல் அட்டையை மூடி, செய்தித்தாள் சுற்றிச் சணலால் கட்டினார். படத்தின் மேல் எதுவும் படவில்லை. விடுதிக்கு மெட்ரோ நெரிசலில் வந்தும் ஒரு கீறல் இல்லை. பொட்டலம் கட்டும் விஷயத்தில் எந்தப் பெரிய கடையிலும் இந்த அக்கறையை நான் பார்த்ததில்லை.

2022 மார்ச் தொடக்கத்தில், போர் மூண்டதால் கீவை விட்டுக் கிளம்பியபோது புத்தகங்களை அறையிலேயே விட்டுவிட்டேன். இந்தப் படத்தை இரண்டு ஸ்வெட்டர்களுக்கு நடுவில் வைத்து முதுகுப்பையில் போட்டுக்கொண்டேன். லிவிவ் போகும் ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. கீழ் மூலை நசுங்கிவிட்டது. வண்ணம் எங்கும் உதிரவில்லை, மஞ்சள் மங்கவும் இல்லை.

பணத்தைக் கொடுத்தபோது அவர் ஒன்று சொன்னார். எண்ணெய் வண்ணம் உள்ளே காய ஆறு மாதமாவது வேண்டும், அதுவரை வார்னிஷ் பூசக் கூடாது. "வசந்தத்தில் எடுத்துக்கொண்டு வா மகனே, நானே பூசித் தருகிறேன். காசு வேண்டாம்." இங்கே சட்டம் போடும் கடையில் கேட்டேன், அரை மணி நேர வேலை என்றார்கள். கொடுக்க மனம் வரவில்லை. படம் இன்னும் வார்னிஷ் இல்லாமல்தான் இருக்கிறது.