ஒன்பது ரோல், எட்டு ஒட்டு: சியர்லீடிங் போட்டித் தளத்தை வாங்கலாமா?

அமெரிக்காவில் சியர்லீடிங் சாம்பியன்ஷிப் நடத்தும் தொழிலில் புதிதாக இறங்குபவர்கள் கோப்பை, நடுவர், ஒலி-ஒளி, டீ-ஷர்ட் விற்பனை என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுவிட்டு, தளத்தைக் கடைசியில்தான் நினைப்பார்கள். அரங்கத்தில் விசாரித்தால் “மேட் இருக்கிறதே” என்பார்கள். போய்ப் பார்த்தால் மல்யுத்தத்துக்கு விரிக்கும் வினைல் மேட்டாக இருக்கும். அது இதற்கு ஆகாது.

சியர்லீடிங் என்றால் ஐபிஎல் பவுண்டரிக்கு வெளியே பாம்பாம் ஆட்டுவது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போட்டி சியர்லீடிங் வேறு. இரண்டரை நிமிடத்துக்குள் மனித பிரமிட், ஆளை மேலே எறிந்து பிடிக்கும் பாஸ்கெட் டாஸ், மூலைக்கு மூலை அந்தர்பல்டி எல்லாம் வந்துவிடும். இதன் உலகக் கூட்டமைப்பை ஒலிம்பிக் கமிட்டி 2021-இல் முழுமையாக அங்கீகரித்துவிட்டது. இத்தனையையும் தாங்குவது தரையில் விரித்த ஃபோமும் கார்ப்பெட்டும்தான். இங்கே அலசுவது அந்தச் செட்டை. பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, அமைப்பு எல்லாரிடமும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் பிராண்டை விட்டுவிட்டுப் பொருளைப் பார்க்கலாம்.

முழுத் தளம் 54 அடி அகலம், 42 அடி ஆழம். 6 அடி அகலமும் 42 அடி நீளமும் உள்ள ஒன்பது ரோல்கள். ஃபோமின் மேல் கார்ப்பெட்டை ஒட்டியே தருகிறார்கள். ரோல்கள் பார்வையாளர் பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கி ஓடும், அவற்றுக்கு இடையே எட்டு ஒட்டு. கபடி மேட் மாதிரி சதுரம் சதுரமாகக் கோத்தால் என்ன என்று தோன்றும். கோத்தால் ஒட்டுகள் குறுக்கும் நெடுக்குமாக நூற்றுக்கணக்கில் வரும், டம்ப்ளிங்கில், அதாவது ஓடிவந்து பல்டியடிக்கும்போது, கை ஊன்றும் இடமெல்லாம் ஒரு கோடு இருக்கும். ரோலில் அந்தத் தொல்லை எட்டுக் கோட்டோடு நிற்கிறது. இந்தக் கோடுகளால் ஆட்டக்காரர்களுக்கு உபயோகமும் உண்டு. ரோலைப் பேனல் என்றும் சொல்வார்கள்; பயிற்சியாளர் ‘மூன்றாவது பேனல், முன்னால்’ என்றால் எல்லாருக்கும் இடம் தெரியும். ஒன்பது ஒற்றைப்படை என்பதால் மேடையின் நடுப்புள்ளி ஐந்தாவது ரோலின் நடுவில் விழும், ஒட்டில் விழாது. பிரமிட்டின் நடு ஆள் ஒட்டின் மேல் நிற்க வேண்டியதில்லை.

வாங்கும்போது பெரும்பாலானவர்கள் தவறுவது கனத்தில். சந்தையில் அதிகம் ஓடுவது இரண்டு: 1⅜ அங்குலம், 2 அங்குலம். பலகைக்கு அடியில் இரும்புச் சுருள் வைத்த ஸ்பிரிங் தளத்தின் மேல் விரிக்க 1⅜ போதும். கான்கிரீட் தரையில் நேராக விரிப்பதென்றால் 2 அங்குலம் வேண்டும், இல்லாவிட்டால் பல்டியடித்து இறங்கும்போது குதிகால் தரையைத் தொட்டுவிடும். ‘கனமாக இருந்தால் நல்லதுதானே’ என்று ஸ்பிரிங்கின் மேல் 2 அங்குலத்தைப் போடுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. பாதம் அமுங்கும், தோளில் ஆளைச் சுமக்கும் பேஸின் கணுக்கால் ஆடும், மேலே நிற்கும் ஃப்ளையருக்கு அந்த ஆட்டம் பல மடங்காகத் தெரியும்.

எந்தத் தளம் வேண்டும் என்பது யாருக்குப் போட்டி நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தனியார் ஜிம்களின் ஆல் ஸ்டார் அணிகளுக்கு ஸ்பிரிங் தளம். பள்ளி, கல்லூரி அணிகளுக்கு ஸ்பிரிங் இல்லாத தளம், அதை டெட் மேட் என்பார்கள். ஸ்பிரிங்கில் பழகிய அணி டெட் மேட்டில் வந்து ஏறினால் உந்தல் குறைந்து பல்டி பாதியில் இறங்கும். பதிவுப் படிவத்திலேயே தள வகையையும் ஃபோம் கனத்தையும் அச்சிட்டுவிட வேண்டும். காலை ஏழு மணிக்குப் பயிற்சியாளரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

ஸ்பிரிங் செட்டைப் பற்றிச் சுருக்கமாக. ப்ளைவுட் பலகைகளின் அடியில் 4 அங்குல இரும்புச் சுருள்கள், சதுர அடிக்கு ஏறத்தாழ ஒன்று. முழுத் தளத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வரும். பலகை 4×8 அடி என்றால் 42-உம் வகுபடாது, 54-உம் வகுபடாது. ஐந்து வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று என்று 65 முழுப் பலகை போட்டபின் ஒரு பக்கத்திலும் பின்பக்கத்திலும் 2 அடிக் கீற்று மிஞ்சும். அந்தச் சின்னப் பலகைகளுக்கு எண் எழுதாமல் ஏற்றினால் அடுத்த ஊரில் அரை மணி நேரம் தேடல் நிச்சயம். சுருள் தன் பிளாஸ்டிக் மூடியிலிருந்து கழன்றாலோ உடைந்தாலோ அந்த இடம் செத்துப்போகும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். ஃபோம் விரிக்கும் முன் ஒருவர் பலகை பலகையாகக் குதித்துக்கொண்டே போக வேண்டும். நல்ல பலகை ‘தொம்’ என்னும், செத்தது ‘டக்’ என்னும். ஓரத்திலும் கவனம் வேண்டும். சுருள், பலகை, ஃபோம் சேர்ந்து தரையிலிருந்து ஏறத்தாழ 6 அங்குலம் உயரும். சாய்வு ஃபோம் ஓரத்தைத் தனியாக ஆர்டர் செய்ய வேண்டியிருக்கலாம், செட்டில் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள்.

இனி விரிப்பது. கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரிப்பவர்கள் சுவரோரத்தில் ஆரம்பிப்பார்கள், இங்கே அது கூடாது. நடுக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் போட்டு ஐந்தாவது ரோலை முதலில் விரித்து, இரண்டு பக்கமும் நகர வேண்டும். ஒட்டுக்குக் கால் அங்குலம் இடைவெளி விட்டால்கூட, ஓரத்தில் ஆரம்பித்தவருக்குக் கடைசி ரோலில் 2 அங்குலம் தள்ளியிருக்கும், நடுக்கோடும் கூடவே நகர்ந்திருக்கும். நடுவில் ஆரம்பித்தால் பிழை பக்கத்துக்கு ஒரு அங்குலத்தோடு நிற்கும், நடு அசையாது. எல்லா ரோலும் ஒரே திசையில் விரிய வேண்டும். கார்ப்பெட் நூலின் சாய்வு மாறினால் மேடை விளக்கில் ஒரு பட்டை கருநீலம், அடுத்தது வெளிர்நீலம் என்று கலர் மாற்றும் பட்டுப்புடவை போலத் தெரியும். ஒளிபரப்பில் அது அசிங்கம். ரோலின் ஒரு முனையில் அடிப்பக்கம் எண்ணும் அம்புக்குறியும் மார்க்கரால் போட்டுவிட்டால் போதும்.

இந்தச் செட்டின் பலவீனம் வெல்க்ரோ. ஒட்டின் மேல் ஒட்டும் 4 அங்குலப் பட்டை, அடிப்பக்கம் முழுக்கக் கொக்கி. கொக்கி கார்ப்பெட்டையே பிடித்துக்கொள்ளும். எட்டு ஒட்டுக்கு 336 அடி. மொத்தச் செட்டில் விலை குறைந்த பாகம் இதுதான், போட்டியை நிறுத்தும் பாகமும் இதுதான். ஒட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குனிந்து பட்டையை உருட்டிக்கொண்டே பின்னால் நகர்வார், மற்றவர் அதன் மேல் பாதம் பதித்து மிதித்துக்கொண்டே வருவார். ஒட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் சமமாக விழ வேண்டும். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஒன்று என்று விழுந்தால் முதல் பத்து அணி ஆடும்வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் ஓடிவந்து கை ஊன்றும் இடத்தில் மெலிந்த பக்கம் பெயரும், இரண்டு ரோலும் விரல் நுழையும் அளவு விலகும். கால் கட்டைவிரல் அதில் மாட்டினால் கணுக்கால் சுளுக்கு.

கொக்கியைக் கெடுப்பவை மூன்று: தலைமுடி, கார்ப்பெட் பஞ்சு, கிளிட்டர். கடைசியதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தலையில் கட்டும் ரிப்பன் முடிச்சிலும் கண்ணிமையிலும் உள்ள மினுமினுப்பு நாள் முழுக்க உதிர்ந்து கொக்கிகளுக்கு இடையில் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் கம்பி பிரஷ்ஷால் நீளவாக்கில் தேய்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் ஒரே சீசனில் பிடி போய்விடும். கழற்றும்போது செங்குத்தாக இழுக்கக் கூடாது. தரையோடு தரையாகப் பின்னோக்கி உரிக்க வேண்டும், இல்லையேல் கார்ப்பெட்டின் நூல் கையோடு வரும். உரித்ததும் கொக்கி உள்பக்கம் இருக்கும்படி சுருட்டி வாளிக்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிடந்தால் லாரியில் இருக்கும் குப்பையெல்லாம் அதில்தான். செட்டோடு வரும் எட்டுப் பட்டை போதாது, குறைந்தது மூன்று உபரி வேண்டும்.

பட்டை பிரிந்தால் என்ன ஆகும் என்பதை நிகழ்ச்சி நிரலை வைத்துப் பாருங்கள். அமெரிக்கப் போட்டிகளில் பரவலாக உள்ள விதி: தளம், இசை போன்ற அமைப்பாளர் தரப்புக் குறையால் ஆட்டம் தடைபட்டால் அணி நிறுத்தலாம். பிறகு முதலிலிருந்து முழுவதும் ஆட வேண்டும், மதிப்பெண் மட்டும் தடைபட்ட இடத்திலிருந்து. நியாயமான விதிதான். ஆனால் இரண்டரை நிமிட ஆட்டத்தை மறுபடி ஆடுவது பிள்ளைகளின் நுரையீரலுக்குத் தெரியும். அணிக்கு நான்கு நிமிடம் என்று நிரல் போட்டிருந்தால் மணிக்குப் பதினைந்து அணி. ஒட்டைச் சரிசெய்ய இருபது நிமிடம் போனால் ஐந்து அணிகள் வார்ம்-அப் முடித்து, உடம்பு சூடேறி, திரைக்குப் பின்னால் ஆறிக்கொண்டிருக்கும். ஆறிய தசையோடு மேடை ஏறுவதில்தான் காயம். உபரிப் பட்டையும் அகலமான கத்தரிக்கோலும் மேடையின் பின் மூலையில் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், லாரியில் இருந்தால் பிரயோஜனமில்லை.

வார்ம்-அப் என்றதும் இன்னொன்று. ஒரு செட் வாங்கினால் போட்டி நடத்திவிடலாம் என்று விற்பனையாளர் சொல்வது பாதி உண்மை. டம்ப்ளிங்குக்கு நீளமான ஒரு மேட், ஆளைத் தூக்கி நிறுத்தும் ஸ்டன்ட்டுக்கு இரண்டு மூன்று ரோல், முடிந்தால் முழுத் தளம் இன்னொன்று என்று பின்னறையிலும் விரித்தாக வேண்டும். மேடை ஸ்பிரிங்காக இருந்து வார்ம்-அப் டெட் மேட்டாக இருந்தால் பயிற்சியாளர்கள் சும்மா விட மாட்டார்கள், விடவும் கூடாது.

சுருட்டுவது விரிப்பதைவிடக் கடினம், சனி-ஞாயிறு முழுக்க நின்று களைத்தவர்கள் செய்வதால் இன்னும் கடினம். ஃபோமின் அடியில் கீறல் போட்ட வகை என்றால் கார்ப்பெட் உள்பக்கம் போகும்படி சுருட்ட வேண்டும், அப்போதுதான் கீறல்கள் விரிந்துகொடுக்கும். 1⅜ ரோலின் விட்டம் ஏறத்தாழ 30 அங்குலம் வரும், 2 அங்குல ரோல் 37-ஐத் தொடும். இதைவிடப் பெரிதாக இருந்தால் தளர்வாகச் சுருட்டியிருக்கிறீர்கள். நாடாவை இறுக்கிக் கட்டினால் கட்டிய இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே தங்கிவிடும், அகல நாடா மூன்று இடத்தில் போதும். லாரியில் இரண்டு அடுக்குக்கு மேல் ஏற்றக் கூடாது, ப்ளைவுட்டை ரோலின் மேல் ஒருபோதும் சாய்க்கக் கூடாது. முனை சுருண்டு நிமிராத ரோல்களைப் போட்டிக்கு முந்தைய இரவே விரித்துவிட்டால் காலைக்குள் பெரும்பாலும் படிந்துவிடும். சில மாநாட்டு மையங்களில் சரக்கு இறக்க அவர்களுடைய தொழிலாளரைத்தான் அமர்த்த வேண்டும், மணிக்கணக்கில் கூலி. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

வெளி மேடைக்கு இந்தச் செட் சுமார்தான். கல்லூரி அணிகளின் பெரிய போட்டி ஆண்டுதோறும் ஏப்ரலில் ஃப்ளோரிடாவின் டேடோனா பீச்சில், கடலோர பேண்ட்ஷெல் அரங்கில், திறந்த வெளியில் நடக்கிறது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, தளத்துக்கு மட்டும் மூன்று எதிரி: வெயில், மணல், மழை. கருநீலக் கார்ப்பெட் வெயிலில் கை ஊன்ற முடியாதபடி சுடும், வெளிர் நிறம் சற்றுத் தேவலை. மணல் கொக்கிக்கு எமன். ஃபோம் தண்ணீர் குடிக்காது, கார்ப்பெட் குடிக்கும். ஈரத்தோடு சுருட்டினால் நாற்றம் முதலில், பிறகு பூஞ்சை, பிறகு பசை விட்டு கார்ப்பெட் கொப்புளிக்கும். மழை வாய்ப்பு இருந்தால் உள்ளரங்கு ஒன்றை முன்கூட்டியே பிடித்து வைக்காமல் வெளியில் விரிக்கக் கூடாது.

மதிப்பெண் என்றால் ஃபோமுக்கும் கார்ப்பெட்டுக்கும் ஐந்துக்கு நான்கு, வெல்க்ரோவுக்கு இரண்டு. முதல் சீசனில் 2 அங்குல ஒன்பது ரோலை மட்டும் வாங்கிப் பள்ளிப் போட்டிகளோடு தொடங்குவது நல்லது. ஆல் ஸ்டார் நடத்தும்போது ஸ்பிரிங் தளத்தை 1⅜ ரோலோடு வாடகைக்கு எடுங்கள், வாரயிறுதிக்குக் கொண்டுவந்து போட்டுக் கழற்றிப் போகும் ஆட்கள் உண்டு. சொந்தமாக வைத்தால் கிடங்கு, பெரிய லாரி, இரண்டாயிரம் சுருளைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று செலவு நீளும். ரோல் ஆர்டர் கொடுக்கும்போது பத்தாவதாக ஒன்றையும், ஒரே தடவையில் சாயமேற்றிய கார்ப்பெட்டில், சேர்த்து வாங்கிவிடுங்கள். அடுத்த வருடம் தனியாகக் கேட்டால் ‘அதே நீலம்’ என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். விளக்கைப் போட்டதும் அது எந்த ரோல் என்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.